மோட்டார் ரோசாக்கா, அங்கிள்?

மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் சாலையோரமாக நடந்து போகிறவனைப் பார்த்தால் ஊர்க்காரர்களுக்கு ஒரே சந்தேகம்தான் வரும். மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "மோட்டார் ரோசாக்கா, அங்கிள்?" என்று கேட்பார்கள். ரோசாக் என்றால் மலாயில் பழுது. இல்லை தம்பி, சும்மா நடக்கிறோம் என்றால் நம்பமாட்டார்கள். "எங்க போகணும், ஏறுங்க, விட்டுடறேன்" என்று பின் சீட்டைத் தட்டிக் காட்டுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஏழு பேர் எனக்கு இப்படி உதவ வந்தார்கள். அதில் ஒருவர் நாசி லெமாக் பொட்டலம் வாங்கப் போனவர், திரும்பி வரும்போது மறுபடியும் நிறுத்திக் கேட்டார். முதல் தடவை நான் கூச்சப்பட்டு மறுத்துவிட்டேன் என்று நினைத்தாராம்.

நடப்பதற்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று. நடை ஒரு ரயில் நிலையத்தில் தொடங்க வேண்டும், அல்லது ஒன்றில் முடிய வேண்டும். காரை எங்காவது நிறுத்திவிட்டு நடந்து பார்த்திருக்கிறேன். அது முளையில் கட்டிய மாடு மேய்வது மாதிரி. எவ்வளவு தூரம் போனாலும் கார் நிற்கும் இடத்துக்கே சுற்றி வர வேண்டும். பாதி வழி போனதும் மனம் திரும்பிவிடும், கால்கள் அப்புறம்தான் திரும்பும். ரயிலை நம்பிப் போனால் அந்தக் கயிறு கிடையாது. ஓர் இடத்தில் இறங்கி வேறோர் இடத்தில் ஏறிக்கொள்ளலாம். எங்கள் பக்கம் 2014 வாக்கில் இரட்டைத் தண்டவாளமும் மின்சாரமும் வந்து, கொம்யூட்டர் என்னும் உள்ளூர் மின்சார வண்டியும் ஓடத் தொடங்கிய பிறகு இது சுலபமாகிவிட்டது. புக்கிட் மெர்தாஜாம், சிம்பாங் அம்பாட், நிபோங் திபால், பாரிட் புந்தார், பாகான் செராய், கமுண்டிங், தைப்பிங் என்று மணி கோத்த மாதிரி நிலையங்கள். வண்டிகளுக்கு இடையே இடைவெளி அதிகம். ஒன்றை விட்டால் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட வேண்டியதுதான். அதற்கும் சேர்த்தே நடை என்று நினைத்துக்கொள்கிறேன்.

என்னோடு வருபவர் மாமா. அம்மாவின் கடைசித் தம்பி, வயது எழுபத்து மூன்று. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் பிடிக்காமல் 1971-ல் ரயில்வே கேங்கில் சேர்ந்தார். தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ளும் கூட்டத்துக்குத்தான் கேங் என்று பெயர். விடிகாலையில் ஒரு சுத்தியலும் ஸ்பேனரும் தோளில், தனக்கு ஒதுக்கிய தூரத்தை நடந்து பார்த்து, தளர்ந்த ஆணியை அடித்து இறுக்கிவிட்டு வர வேண்டும். முப்பத்தைந்து வருசம் அந்த வேலை. அதனால் மாமா நடக்கும்போது தலை நிமிராது. எட்டும் கொஞ்சம் குட்டை. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் சிலிப்பர் கட்டைகளில், கட்டைக்குக் கட்டை கால் வைத்துப் பழகிய எட்டு அது. முதல் தடவை என்னோடு கிளம்பும்போது என் புதுக் காலணியின் விலையைக் கேட்டார். சொன்னேன். "நாங்க சம்பளத்துக்கு நடந்தோம். நீ காசு செலவு பண்ணி நடக்கிற. சரி, வா" என்றார்.

எங்களுக்குப் பிடித்த நடை கிரியான் ஆற்றின் கழிமுகத்திலிருந்து நிபோங் திபால் ஸ்டேசன் வரைக்கும். முதலில் இதை நான் தலைகீழாகத்தான் செய்தேன். ஸ்டேசனில் இறங்கி கடலை நோக்கி நடந்தேன். கடல் வந்தது. அப்புறம்? அங்கே ரயில் இல்லை, பஸ்ஸை நம்ப முடியாது, வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. மீன் ஏற்றிக்கொண்டு வந்த லோரியில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் திரும்பினேன். மூன்று நாள் வீட்டில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. இப்போதெல்லாம் விடியும்போது யாராவது எங்களைச் சுங்கை ஆச்சே பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அங்கிருந்து ஆற்றை எதிர்த்து மேலே நடந்து வருகிறோம்.

எதிர்த்து என்று சொன்னது தப்பு. சரியான நேரத்தில் கிளம்பினால் ஆறு எங்களோடு கூடவே வரும். மலாக்கா நீரிணையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறி இரண்டு முறை வற்றும். இங்குள்ள எல்லா இனத்தாரும் அதை மலாயில்தான் சொல்வார்கள்: ஏறுவது ஆயிர் பாசாங், வற்றுவது ஆயிர் சுருட். வற்றி முடிந்து ஒரு மணி நேரம் கழித்துக் கழிமுகத்தில் நின்று பாருங்கள். பழுப்பு நிறத்தில் ஆறு கொஞ்ச நேரம் எந்தப் பக்கமும் போகாமல் தயங்கும். அப்புறம் மெல்ல உள்நாட்டுப் பக்கம் நகர ஆரம்பிக்கும். ஒரு தடவை தேங்காய் மட்டை ஒன்று எங்களுக்குக் கூடவே மிதந்து வந்தது. நாங்கள் தண்ணீர் குடிக்க நின்றால் முந்திவிடும், வளைவில் நிப்பா ஓலையில் சிக்கிக்கொண்டால் நாங்கள் முந்திவிடுவோம். மாமா அதோடு பந்தயமே வைத்துவிட்டார். கடைசியில் மட்டைதான் ஜெயித்தது.

கழிமுகத்தில் முதலில் தெரிவது சேறு. அதில் பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருப்பவை ஆப்பி ஆப்பி மரத்தின் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் வெளியே வந்து மூச்சு விடுகிறது. வேருக்கு வேர் தாவும் மீன்கள், துடுப்பை ஊன்றி நம்மை முறைத்துப் பார்க்கும். மேலே வர வர உப்பு குறையும். குறைவதை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், மரமே சொல்லிவிடும். ஆப்பி ஆப்பி போய், நிப்பா வரும். தண்டே இல்லாமல் சேற்றிலிருந்து நேராக ஓலை கிளம்பும் பனை. இந்த ஓலையில்தான் அத்தாப்புக் கூரை வேய்ந்தார்கள். ஐஸ் கச்சாங் என்னும் குளிர்ப்பண்டத்தில் போடுகிற, கண்ணாடி மாதிரி வழுக்கும் அந்த விதையும் இதனுடையதுதான். இதை நான் நாற்பது வயதுவரை ஏதோ டின்னில் விளைகிற பொருள் என்றே நினைத்திருந்தேன்.

நிப்பாவுக்கு நடுவே அங்கங்கே பெரெம்பாங் மரங்கள். பகலில் அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இரவில் மின்மினிகள் மொய்க்கும் மரம் அது. நிபோங் திபாலில் இப்போது படகில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். ஒரு மரத்து மின்மினிகள் எல்லாம் ஒரே தாளத்தில் அணைந்து ஒளிரும். அவற்றின் புழுக்கள் கரைச் சேற்றில் சின்ன நத்தைகளைத் தின்று வளரும். அதனால் மரத்தை மட்டும் விட்டுவிட்டுக் கரையை வழித்துச் சுத்தம் செய்தால் மின்மினி மிஞ்சாது. எங்கள் தோட்டத்துக் கிழவிகள் மின்மினி நிறைந்த மரத்தடிக்கு எங்களை விடமாட்டார்கள். பேய் இருக்கிறது என்பார்கள். பேய்க்குப் பயந்து கொஞ்சம் மின்மினி பிழைத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஊரின் பெயரிலும் ஒரு பனை இருக்கிறது: நிபோங் என்பது முள் நிறைந்த பனை, திபால் என்றால் அடர்த்தி. அந்த அடர்த்தியை நான் பார்த்ததில்லை.

நடை முழுக்க ஆற்றங்கரையில் இல்லை. பாதி தூரம் மண்கரைமேல் போக வேண்டும். மலாய்க்காரர்கள் அதைப் பான் என்பார்கள். கரைக்கு ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. கரைமேல் நின்று இரண்டு பக்கமும் பார்த்தால் கொஞ்சம் பயமாக இருக்கும். கடல் ஏறிய நேரத்தில் ஆற்றின் மட்டம் செம்பனை நிற்கும் தரையைவிட உயரமாக இருக்கும். கரைக்கு நடுநடுவே மதகு. பழைய மாதிரி மதகின் கதவு மேலே கீல் போட்டுத் தொங்கும். கடல் வற்றினால் உள்ளே தேங்கிய தண்ணீர் தள்ளித் தானே திறக்கும், கடல் ஏறினால் வெளியே ஏறிய தண்ணீரே அழுத்தித் தானே மூடும். ஆள் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். மாமா ஒவ்வொரு மதகிலும் ரெண்டு நிமிடம் நின்று பார்ப்பார். ஒரு தடவை கீலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எண்ணெய் போடலை" என்று யாரையோ திட்டினார்.

இந்த மண்ணைக் கடலிடமிருந்து பிடுங்கியவர்கள் நம் ஆட்கள். தமிழர்கள் மலாயாவுக்கு ரப்பருக்காக வந்தவர்கள் என்று நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அது ரெண்டாவது அத்தியாயம். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் இந்தத் தென்பகுதியில் முதலில் வந்தது கரும்பு, 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே. சதுப்பை வெட்டி, கரை போட்டு, வாய்க்கால் தோண்டி, கரும்பு நட்டார்கள். அந்த வாய்க்காலுக்கு இரண்டு வேலை: தண்ணீரை வடிக்கவும் வேண்டும், வெட்டிய கரும்பைப் படகில் ஆலைக்குக் கொண்டுபோகவும் வேண்டும். அப்புறம் ரப்பர் விலை ஏறியதும் கரும்பைப் பிடுங்கிப் பால் மரம் வைத்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் ஒழிந்தது, கங்காணி ஊரிலிருந்து ஆள் கூட்டிவரும் முறை அதற்குப் பிறகும் இருந்தது. என் காலத்தில் பால் மரத்தையும் சாய்த்துச் செம்பனை. பயிர் இரண்டு முறை மாறியும் வாய்க்கால் மாறவில்லை. இன்றைக்கும் செம்பனை வரிசைகளுக்கு நடுவே நேர்கோடாக ஓடும் வாய்க்காலைப் பார்த்தால், நம்மைவிட நாலைந்து தலைமுறை மூத்த மண்வெட்டி ஒன்று ஞாபகத்துக்கு வரும். டிரான்ஸ்கிரியான், பைராம், கலிடோனியா, விக்டோரியா, வால்டோர் என்று தோட்டத்துப் பெயர்கள் எல்லாம் துரைமார் வைத்தவை. கலிடோனியாவில் 99 கதவு வைத்த பங்களா ஒன்று இடிந்து கிடக்கிறது. துரை 1948-ல் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். பேய் பார்க்க வருகிற கூட்டம் இப்போதும் உண்டு. அந்தப் பங்களாவைப் பற்றி இணையத்தில் ஆயிரம் பக்கம் கிடைக்கும், வாய்க்காலைப் பற்றி ஒரு பக்கம் கிடைக்காது.

அழகை மட்டுமே சொன்னால் பொய்யாகிவிடும். இதே கடலோரத்தில், பைராம் அலையாத்திக் காட்டின் பக்கத்தில்தான் புலாவ் புரோங் குப்பைக் கிடங்கு இருக்கிறது. 2022 ஜனவரியில் அது தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. காற்று எங்கள் பக்கம் வீசினால் காலை நடையில் முதலில் மூக்குக்குத்தான் வழி தெரியும்.

இந்த நடையில் நான் ஒரு தடவை அசடு வழிந்தேன். கடல் ஏறும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நான் போனில் பார்த்த அட்டவணை மறுநாளுடையது. அதோடு அன்றைக்குப் பௌர்ணமி வேறு. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் ஏற்றம் பெரிதாக இருக்கும். கரை உடைந்த ஓரிடத்தில் பாதை தாழ்வாக இறங்கிப் போகும். எனக்குக் கணக்கில் இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. தண்ணீருக்கு இல்லை. மாமா செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்துவிட்டார். நான் அந்த விலை உயர்ந்த காலணியோடு இறங்கினேன். ஒன்று வெளியே வந்தது, மற்றது சேற்றோடு போயிற்று. நிபோங் திபால் ஸ்டேசனுக்குள் ஒற்றைக் காலணியோடு நான் நுழைந்தபோது எங்கள் வண்டி புறப்பட்டுக்கொண்டிருந்தது. பிளாட்பாரத்தில் இருந்த ஒரு மலாய்க்காரப் பாட்டி என் காலைப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு ஜோடி ஜப்பான் சிலிப்பரை எடுத்து நீட்டினார். சந்தையில் அப்போதுதான் வாங்கியது, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. மாமா வழியெல்லாம் ஒன்றும் சொல்லாமல் வந்தவர், அங்கே பெஞ்சில் உட்கார்ந்த பிறகு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, ரயிலுக்கு ஒரு மணி அட்டவணை, தண்ணிக்கு ஒரு மணி அட்டவணை. ரெண்டையும் நீ போட்டதில்ல. ரெண்டையும் நீதான் பார்த்துக்கணும்."

அவருக்கு அது வாழ்க்கைப் பாடம். தோட்டத்தில் யாரும் சும்மா நடந்ததில்லை. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நடந்தார்கள், மரத்துக்கு மரம் நடந்தார்கள், பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தார்கள், சம்பளம் போட்டால் ஒருநாள் டவுனுக்கு நடந்தார்கள். எல்லாமே மற்றவர் அடித்த மணிக்கு. என் பாட்டி தனக்காக நடந்தது வருசத்துக்கு ஒரு முறை, தைப்பூசத்துக்கு. இரவிலேயே சோற்றுப் பொட்டலம் கட்டி, பிள்ளைகளைக் கிளப்பி, லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து ஸ்டேசனுக்கு நடந்து ரயில் பிடித்துப் பிறையில் இறங்கி, கப்பலேறிப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போவார். பட்டர்வொர்த் நிலையம் வந்தது 1967-ல்தான். அதற்கு முன் எல்லாரும் பிறையில்தான் இறங்க வேண்டும். சாகும்வரை பாட்டி பட்டர்வொர்த்தையும் பிறை என்றே சொன்னார்.

பாட்டியின் அண்ணனும் அதே ஸ்டேசனுக்கு நடந்து போனவர்தான். 1943-ல், ஜப்பான்காரன் காலத்தில், சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், தண்டவாளம் போட ஆள் எடுத்தபோது. நல்ல சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பலாம் என்றார்களாம். அவர் திரும்பவில்லை. எங்கள் லயத்தில் அப்படித் திரும்பாதவர்கள் இல்லாத வரிசை கிடையாது. புக்கிட் மெர்தாஜாமில் தண்டவாளம் இரண்டாகப் பிரியும். ஒன்று பிறைக்கு, ஒன்று வடக்கே சயாமுக்கு. தைப்பூச ரயிலில் அந்த இடம் வரும்போது பாட்டி பேச்சை நிறுத்திவிடுவாராம். வண்டி மேற்கே திரும்பியதும் வெற்றிலைப் பையைத் திறப்பாராம். இதை மாமா என்னிடம் சொன்னது புக்கிட் மெர்தாஜாம் பிளாட்பாரத்தில், வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது.

சரி, அந்தப் பழைய பாதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் இல்லை. லயத்திலிருந்து குறுக்கே வந்து, தண்டவாளத்தைத் தாண்டி ஏறினால் ஸ்டேசன். இரட்டைத் தண்டவாளம் வந்ததும் நெடுக வேலி போட்டுவிட்டார்கள். இப்போது வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் பிளாட்பாரத்தில் யார் என்ன சட்டை போட்டிருக்கிறார் என்று தெரியும், போய்ச் சேரச் சாலையோடு சுற்றி மேம்பாலம் ஏற வேண்டும். கார் வைத்திருப்பவருக்கு அது மூன்று நிமிடம். நடப்பவனுக்கு முக்கால் மணி. இதைப் பற்றி நான் கடிதம் எழுதினேன். பதில் வந்தது, மிக மரியாதையாக, வேறு ஏதோ ஒரு பாதையைப் பற்றி. மாமா ரயில்வேக்காரர், வேலியின் பக்கம்தான் பேசுவார். "மேல 25,000 வோல்ட் கம்பி. விரைவு வண்டி மணிக்கு 140-ல வருது. எங்க காலத்துல தண்டவாளத்துல காதை வச்சுப் பார்த்துட்டுத் தாண்டுனோம், இப்ப காதை வச்சா தலை இருக்காது. வேலி வேணும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு படிக்கட்டுப் பாலம் போட்டிருக்கலாம்" என்று தானே சொன்னார்.

நேரம் குறைவாக இருக்கிறவர்களுக்கு நிபோங் திபாலிலிருந்து பாரிட் புந்தாருக்கு நடக்கச் சொல்வேன். ரயிலில் பத்து நிமிடம்கூட இல்லாத தூரம். நடந்தால் ஒரு காலையில் மூன்று மாநிலம் பார்த்துவிடலாம். கிளம்புவது பினாங்கு, நடுவில் பண்டார் பாரு கெடா, பாலத்தைத் தாண்டினால் பேராக். கெடாவுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை, மற்ற இரண்டுக்கும் சனியும் ஞாயிறும். அதனால் வெள்ளிக்கிழமை பாலத்துக்கு ஒரு பக்கம் பள்ளி நடக்கும், மறு பக்கம் பிள்ளைகள் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார்கள். கோவிட் காலத்தில் மாநிலம் விட்டு மாநிலம் போகத் தடை வந்தபோதுதான் இந்தக் கோடுகள் எல்லாருக்கும் உறைத்தன. அதுவரை மாமாவுக்குப் பாரிட் புந்தார் என்பது மீன் சந்தை, பேராக் மாநிலம் அல்ல. பாதை முழுக்கச் சாலையோரம், லோரிப் புழுதி, நிழல் குறைவு. மோட்டார் ரோசாக்கா என்று கேட்பவர்களும் இந்தப் பாதையில்தான் அதிகம்.

தைப்பிங்கிலிருந்து கோலா செப்பேத்தாங்குக்கு நடப்பது வேறு ரகம். அது உயிரோடிருக்கும் ஸ்டேசனில் தொடங்கி, செத்துப்போன ஸ்டேசனில் முடிகிற நடை. மலாயாவின் முதல் ரயில் ஓடிய வழி அது. 1885 ஜூன் 1-ஆம் தேதி, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு. தூரம் எட்டு மைல், நம் பாசையில் எட்டுக் கட்டை. ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகப் போட்ட தண்டவாளம். போட்டவர்கள் இலங்கையிலிருந்து கூட்டிவந்த பயனியர் படையினர். துறைமுகத்தின் பெயர் பின்னால் கோலா செப்பேத்தாங் என்று மாறியது, தண்டவாளமும் போய்விட்டது. இப்போது சாலையோடுதான் நடக்க வேண்டும். சிம்பாங், மாத்தாங் என்று போகும். மாத்தாங்கில் அந்தக் கால மலாய்த் தலைவர் ஙா இப்ராஹிமின் மதில் சூழ்ந்த மாளிகை இருக்கிறது, உள்ளே அருங்காட்சியகம். நாங்கள் போன அன்று அதன் வாசல் நிழலில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டதோடு சரி.

மாத்தாங் தாண்டினால் காற்று மாறும். ஈரமும் புகையும் கலந்த ஒரு வாசனை. கரிச்சூளைகள். இங்கே 40,000 ஹெக்டேர் அலையாத்திக் காட்டை நூறு வருசத்துக்கு மேலாகக் கணக்கு வைத்து வெட்டுகிறார்கள். ஒரு இடத்தை வெட்டினால் முப்பது வருசம் கழித்துத்தான் மறுபடியும் அங்கே கோடாலி. பாக்காவ் என்னும் அலையாத்தி மரத்தின் கட்டைகள் கடல் ஏறும் நேரத்தில் வாய்க்கால் வழியாகப் படகில் சூளை வாசலுக்கே வந்துவிடும். பட்டையை உரித்து, குவிமாடம் மாதிரி இருக்கும் செங்கல் சூளைக்குள் நிற்க வைத்து அடுக்கி, வாசலில் நெருப்பு மூட்டி, ஏறக்குறைய ஒரு மாதம் வேகவிடுகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் புகையின் வாசனையை வைத்தே சொல்லிவிடுவார்களாம். எனக்கு இரண்டு சூளையின் புகையும் ஒன்றாகத்தான் இருந்தது. மாமா மூக்கைச் சுருக்கி முகர்ந்துவிட்டு, "இது ஈரம், அது காய்ஞ்சது" என்றார். அங்கே வேலை செய்துகொண்டிருந்த சீனர் ஆமாம் என்று தலையாட்டினார். உண்மையா, வயதுக்கு மரியாதையா என்று தெரியவில்லை. வானத்தில் கருடன்கள் கூட்டமாக வட்டமிட்டன. ஒன்றைப் பார்த்தாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர் மாமா. அங்கே நாற்பது, ஐம்பது. கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்தார், அப்புறம் மொத்தமாக ஒரு கும்பிடு.

கோலா செப்பேத்தாங்கில் ஸ்டேசன் இல்லை. கடைகளுக்கு நடுவே பழைய பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி (அரபு எழுத்தில் மலாய்), சீனம், தமிழ் என நான்கு எழுத்திலும் போர்ட் வெல்ட். மாமா அதன் முன் வெகுநேரம் நின்றார். நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பலகையைப் பார்க்கவில்லை, குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நின்ற இடத்திலிருந்து கடைப் பக்கமாக நாலைந்து குட்டை எட்டு வைத்தார், நின்றார், திரும்பிப் பார்த்தார். "இப்படித்தான் போயிருக்கும்" என்றார். எப்படித் தெரியும் என்றேன். தண்ணீர் எந்தப் பக்கம், மேடு எந்தப் பக்கம், ஈயத்தை எங்கே இறக்குவான் என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மீ ஊடாங் (இறால் நூடுல்ஸ்) கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

தைப்பிங்குக்குக் கிராப் வாடகைக் கார் பிடித்துத் திரும்பி, மாலை வண்டியில் ஏறினோம். கமுண்டிங்குக்கும் பாகான் செராய்க்கும் நடுவில் தண்டவாளம் புக்கிட் மேரா ஏரியின் மேல் போகும். கிரியான் வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்க 1906-ல் கட்டி முடித்த ஏரி. இரண்டு பக்கமும் தண்ணீர், சூரியன் இறங்குகிற நேரம், பெட்டி முழுக்க எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மாமா கண்ணை மூடிக்கொண்டு தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் தண்டவாளத் துண்டுகளின் மூட்டில் சக்கரம் ஏறி இறங்கும் சத்தத்தை எண்ணியே வேகத்தைச் சொல்லிவிடுவார். இப்போது துண்டுகளை ஒட்டவைத்து ஒரே கம்பியாக்கிவிட்டார்கள். "காதுல ஒண்ணுமே விழல" என்றார். அப்புறம் தூங்கிவிட்டார். நானும் தூங்கிவிட்டேன்.

தோளில் யாரோ தட்டினார்கள். வெளியே இருட்டு. மாமா ஏற்கெனவே எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். பெட்டிக்கு அடியில் சத்தம் சற்றுக் கனத்து, குழிவாகக் கேட்டது.

"கிரியான் பாலம்," என்றார். "எழுந்திரு, எறங்கணும்."